துளைக்கு உண்டு, ஊசிக்கு இல்லை

தேயிலை கருகும் வாசனை எனக்கு மட்டும்தான் வந்தது. அதுதான் நோயின் ஆரம்பம்.

உடப்புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக இருந்தேன். எங்கள் ஆட்கள் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்து அரைபட்டு, புளித்து, கடைசியில் டிரையர் என்ற பெரிய சூட்டு இயந்திரத்துக்குள் போய்க் காய்ந்து வரும். சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் தூள் கருகிவிடும். அந்த நாற்றத்தை உறக்கத்தில்கூட அறிந்துகொள்வேன். ஒரு நாள் பகலில் அது குப்பென்று மூக்கில் ஏறியது. ஓடிப்போய் டிரையரை நிறுத்தினேன். தூளைக் கையில் அள்ளிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"ஐயா, ஒண்ணும் கருகலங்க" என்றான் டிரையரைப் பார்த்துக்கொள்ளும் பெரியசாமி.

அடுத்த வாரம் மறுபடியும் நிறுத்தினேன். அதற்கடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு முறை. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள்.

வீட்டிலும் அது வந்தது. "ஸ்டெல்லா, கருகுதா?" என்று கேட்பேன். என் மனைவி தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளின் பொய்யையும் மெய்யையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அடுப்பில் ஒன்றுமே இல்லையென்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "இல்லங்க, கருகல" என்பாள். உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நோய்க் காலத்தில் எனக்குக் கிடைத்த அன்புகளில் முதலாவதாக அதைத்தான் வைப்பேன்.

பிறகு ஒரு நாள், ஸ்டோரில் நின்றபடியே நான் பேச்சில்லாமல் போனேனாம். கண் திறந்திருந்ததாம். வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்ததாம். கூப்பிட்டதற்குப் பதிலே இல்லையாம். எனக்கு அதில் ஒன்றும் நினைவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரி டொக்டர் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகாலை இழுப்பது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இல்லாத வாசனை வருவதும் ஒரு வலிப்புதான். மூளையில் வாசனை அறியும் இடத்துக்குப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது" என்றார். கொழும்புக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

போர்நிறுத்தம் இருந்த வருஷங்கள் அவை. வழியில் பஸ்ஸை விட்டு இறக்கும் சோதனைகள் குறைந்திருந்தன. கொழும்பில் ஸ்டெல்லாவின் தம்பி ராஜன் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றான். ஸ்கேன் எடுத்ததும், மூளை வைத்தியத்தில் பேர் எடுத்த ஒரு சிங்களச் சர்ஜனிடம் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணி, அதாவது கட்டணம் கட்டி நேரம் வாங்கி, மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம்.

சர்ஜன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். வலது காதுக்கு மேலே, உள்ளே ஆழத்தில், மோதிரம் போல ஒரு வெள்ளை வட்டம். என் தலைக்குள் இப்படியொரு மோதிரம் இருப்பது தெரியாமலா இத்தனை நாள் சாப்பிட்டேன், உறங்கினேன், ஆட்களை அதட்டினேன் என்று நினைத்தேன்.

"இது புற்றுநோயாக இருக்கலாம். காசநோய்க் கட்டியாக இருக்கலாம். சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். மூன்றும் படத்தில் ஒரே மாதிரித் தெரியும். மருந்து மூன்றுக்கும் வேறு வேறு. ஒரு சின்னத் துண்டை எடுத்துப் பார்க்காமல் எதையும் தொடங்க முடியாது" என்றார். அந்தத் துண்டெடுப்புக்குப் பெயர் பயொப்சி. தலையைத் திறக்காமல், ஸ்கேன் படத்தை வழிகாட்டியாக வைத்து, சிறு துளை வழியாக ஊசியை நேராக அந்த இடத்துக்கு அனுப்புவார்களாம்.

செலவு எவ்வளவு என்று ராஜன்தான் கேட்டான். வெளியே இருந்த பெண் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தாள். தலையில் மாட்டும் சட்டத்துக்கு வாடகை, மறுபடியும் ஒரு ஸ்கேன், தியேட்டர் வாடகை, சர்ஜன், மயக்கமருந்து டொக்டர், துண்டை நுண்ணோக்கியில் பார்ப்பவர், கட்டில், தாதிமார், கடைசி வரியில் ஊசி. கூட்டிப் பார்த்தால் என் ஒரு வருஷச் சம்பளத்தைத் தாண்டியது. எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. என் தலைக்குள் ஒரு அரிசிமணி அளவு சதைக்காக இத்தனை பேர் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று.

தோட்டக் கம்பனி எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களுக்கு ஒரு மருத்துவக் காப்புறுதி வைத்திருந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு அதுவும் கிடையாது. தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் கொடுத்த தொலைபேசி இலக்கத்துக்கு ராஜனின் கடையிலிருந்து பேசினேன். மறுமுனையில் ஒரு தமிழ்ப் பையன். நல்ல மரியாதையான பேச்சு.

"சேர், பயொப்சிங்கிறது பரிசோதனை. சிகிச்சைக்குத்தான் காப்புறுதி இருக்கு. பரிசோதனைக்கு இல்ல."

"தம்பி, மண்டையில துளை போடுறாங்க. அது ஒப்பரேசன் இல்லியா?"

கொஞ்ச நேரம் யாரையோ கேட்டுவிட்டு வந்தான். "துளை போடுறது ஒப்பரேசன்தான் சேர். அதுக்கு ஒரு பகுதி குடுக்கலாம். ஊசி உள்ள போய் துண்டெடுக்கிறது பரிசோதனை. அதுக்கு இல்ல."

"துளை போட்டுட்டு ஊசியை விடாம வந்துறச் சொல்லவா?"

அவன் சிரிக்கவில்லை. "ஸொரி சேர். எங்க விதி அப்பிடி" என்றான். அவன் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. பக்கத்தில் நின்ற ராஜன்தான் புடவைக் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். நிமிர்ந்தபோது அவன் கண் ஈரமாக இருந்தது.

மறுபடியும் சர்ஜனிடம் போனோம். இந்த முறை ஸ்டெல்லா பேசினாள், தனக்குத் தெரிந்த சிங்களத்தில். எங்களால் முடியாது சேர், அவ்வளவுதான். அவர் தாளை வாங்கிப் பார்த்தார், மடித்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் என் வாட்டுக்கு வாருங்கள். அங்கேயும் இதே கைதான், இதே சட்டம் மாதிரி ஒரு சட்டம்தான். கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டும். ஊசி மட்டும் அங்கே இருப்பில் இல்லை, ஒரு தடவைதான் பாவிக்கலாம், அதை நீங்கள் வெளியே வாங்கிவர வேண்டும்" என்றார்.

அன்று சனல் பண்ணிய காசையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். இப்படி ஒருவர் செய்வார் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டு நீளமான மண்டபம். கட்டில்கள் போதாமல் இரண்டு வரிசைக்கு நடுவிலும் பாய் போட்டிருந்தார்கள். தலையில் கட்டுப் போட்ட மனிதர்கள், தலையே திரும்பாத மனிதர்கள். ஸ்டெல்லா கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, பார்வை நேரத்துக்கு இடியப்பமும் சொதியும் கொண்டு வருவாள். தாதி வந்து மணியடித்த பிறகும் ஒரு நிமிஷம் என் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என்னவென்று கேட்டால், "குளிருதான்னு பாத்தேங்க" என்பாள். கொழும்புச் சூட்டில் யாருக்குக் குளிரும்?

பக்கத்துக் கட்டிலில் பியதாச. பொல்பிட்டிய மின்நிலையத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கினிகத்தேனைக் கடைவீதியில் பழகிய தமிழ் கொஞ்சம் அவருக்கு உண்டு. எனக்குச் சிங்களம் வரும். இரண்டையும் கலந்து பேசினோம். அவருக்கு இடது பக்கத்தில் கட்டி. சொற்கள் சறுக்கும். கரண்டியைக் கேட்க நினைத்து வாளியைக் கேட்பார், பிறகு தானே சிரிப்பார். அவருக்கும் அதே பயொப்சி, அதே நாளில்.

வாட்டில் இருந்த இளம் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். ஒப்பரேசனுக்கு இரண்டு நாள் முன்னால் என் கட்டிலோரம் நின்று விளக்கிச் சொன்னார்.

"ஐயா, நெத்தியில ரெண்டு இடம், பின்னால ரெண்டு இடம் மரத்துப்போக விறைக்கிற ஊசி போடுவம். அது கொஞ்சம் நோகும். பிறகு ஒரு இரும்புச் சட்டத்தை நாலு ஆணியால தலையில இறுக்குவம். சட்டத்தோட ஸ்கேன் எடுத்தா, கட்டி சட்டத்தில இருந்து எத்தினை மில்லிமீற்றர் உள்ளுக்கு, எத்தினை மேல எண்டு கணக்குப் பாக்கலாம். அந்தக் கணக்கின்படி ஊசி போகும்."

"மயக்கம் குடுப்பீங்களா டொக்டரம்மா?"

"இல்லை. நீங்கள் முழிச்சிருக்கோணும், எங்களோட கதைச்சுக்கொண்டிருக்கோணும். பயப்பிடாதேங்கோ. மூளைக்கு நோவு தெரியாது."

நான் நம்பாமல் பார்த்தேன்.

"உண்மையாத்தான். கால் நொந்தாலும் கை நொந்தாலும் அதை அறியிறது மூளைதான். ஆனா தன்னைத் தொட்டா அதுக்குத் தெரியாது."

இதை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டு கிடந்தேன். உடம்பின் வலியையெல்லாம் வாங்கிக்கொண்டு, தனக்கென்று ஒரு வலியும் வைத்துக்கொள்ளாத ஒன்று என் எலும்புக்குள் இருக்கிறது. அதைப் படைத்தவரை நினைத்து அன்று செபம் சொன்னபோது, வேண்டிக்கொள்ள வந்ததை மறந்துவிட்டேன்.

ஊசிதான் கிடைக்கவில்லை. அதை இறக்குமதி செய்யும் ஒரே கடையில் தீர்ந்துவிட்டதாம், அடுத்த கப்பலில் வரவேண்டுமாம். ராஜன் கடையில் லீவு போட்டு மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினான். ஸ்டோரில் தூள் சலிக்கும் பெண்களும் டிரையர் ஆட்களும் சேர்த்து அனுப்பிய காசு அவன் சட்டைப்பையில் அப்படியே இருந்தது. ஒப்பரேசனுக்கு முதல் நாள் மாலை வெறுங்கையோடு வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், காசு இருக்கு. ஊசி இல்ல. என்ன செய்யிறது?"

நாளை தவறினால் மறுபடி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கிடையில் அந்த மோதிரம் சும்மா இருக்குமா? ஸ்டெல்லா இடியப்பப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பியதாச எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக எழுந்து தன் அலுமாரியைத் திறந்து, சீல் உடைக்காத இரண்டு நீளப் பெட்டிகளை எடுத்து மெத்தையில் வைத்தார். டொக்டர் அவருக்கு இரண்டு ஊசி எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்று சரிவராவிட்டால் மற்றது. அவருடைய காப்புறுதி கேள்வி கேட்காமல் இரண்டுக்கும் கொடுத்துவிட்டதாம்.

"மல்லி, ஒண்ணு... ஒண்ணு உனக்கு" என்றார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

"அண்ணே, உங்களுக்குத் தேவைப்பட்டா?"

"எனக்கு ஒரு மண்டைதானே."

ராஜன் காசை எடுத்து நீட்டினான். பியதாச அவன் கையைத் தள்ளிவிட்டார். "என் காசு இல்லை. கரண்ட் ஆட்களுடைய காசு. நீங்கள் லைட் பில் கட்டுகிறீர்கள்தானே, அதில் வந்தது."

நான் சொன்னேன்: "எங்க தோட்டத்து லயத்துல பாதி வீட்டுக்கு லைட்டே இல்லண்ணே."

அவர் கொஞ்ச நேரம் சொல் தேடினார். மேலே எங்களைப் போன்றவர்களின் தேயிலை மலைகளில் விழும் மழைதான் ஆறாக இறங்கி அவருடைய நிலையத்தின் இயந்திரத்தைச் சுற்றுகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. "அப்படியென்றால்," என்றார் சிங்களத்தில், "நாங்கள்தான் உங்களுக்குப் பாக்கி."

டொக்டரம்மா சர்ஜனைக் கேட்டுவிட்டு வந்தார். பியதாச முதலில் போவார். ஒரு ஊசியிலேயே அவருடைய வேலை முடிந்தால் மற்றது எனக்கு. முடியாவிட்டால் அவருக்குத்தான். அதுதான் நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினோம்.

மறுநாள் காலை தியேட்டருக்கு வெளியே வாங்குப் பலகையில் வெறும் வயிற்றோடு காத்திருந்தேன். பிறருக்காக நான் அவ்வளவு உருக்கமாகச் செபித்ததில்லை, அதில் அவ்வளவு சுயநலமும் இருந்ததில்லை. கதவு திறந்து பியதாசவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் இரண்டு சின்ன ரத்தப் பொட்டுகள். என்னைப் பார்த்ததும் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒன்று. ஒன்றே போதுமாகிவிட்டது.

சட்டத்தை ஆணியால் இறுக்கியபோது வலித்தது. பலமான இரண்டு கைகள் தலையை நசுக்குவது போல இருந்தது. பிறகு விறைத்து, ஏதோ கனமான தொப்பி என்றாகிவிட்டது. ஸ்கேனில் போட்டு எடுத்தார்கள். சர்ஜனும் டொக்டரம்மாவும் திரையைப் பார்த்து இலக்கங்களை ஒருவர் சொல்ல ஒருவர் திருப்பிச் சொன்னார்கள். ஒரே இலக்கத்தை மூன்று முறை. வேதம் வாசிப்பது போலக் கேட்டது.

துளை போடும்போது எலும்பு அதிர்ந்து பல்லெல்லாம் கூசியது. பிறகு அமைதி.

"ஐயா, இப்ப ஊசி உள்ள போகுது. இடது கையைத் தூக்குங்கோ. விரலை ஆட்டுங்கோ. நல்லது. காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்ணும் சாப்பிட விடலையே டொக்டரம்மா. ரொட்டியும் சம்பலும் சாப்பிடணும் போல இருக்கு."

சர்ஜனுக்கு அது புரிந்துவிட்டது. "தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். தனக்கும் பசிக்கிறது என்றார். என் மூளைக்குள் ஒரு உலோகக் கம்பி நிற்கிறது, அதன் மறுமுனையைப் பிடித்திருக்கிறவர் ரொட்டியைப் பற்றிப் பேசுகிறார், நான் பதில் சொல்கிறேன். எனக்கு ஒன்றுமே வலிக்கவில்லை. அந்தக் கணத்தில் பயம் எங்கோ போய்விட்டது. தேவாலயத்தில் நற்கருணை தூக்கும்போது வரும் அமைதி போல ஒன்றுதான் இருந்தது.

அப்போது அந்தக் கருகல் வாசனை வந்தது. குப்பென்று.

"கருகுது" என்றேன்.

எல்லோரும் கையை நிறுத்தினார்கள். டொக்டரம்மா சிங்களத்தில் சொன்னார். சர்ஜன் மெதுவாக, "ஹரி, சரி. வந்துவிட்டோம்" என்றார். அது ஊசி தொட்டதால் வந்ததா, என் பயத்தால் வந்ததா என்று பிற்பாடு டொக்டரம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வாசனை போன பிறகு, ஒரு போத்தலில் மிதந்த துணுக்கை என் கண்ணுக்கு நேரே காட்டினார்கள். வெள்ளை நூல் போல இருந்தது. தனியார் ஆஸ்பத்திரித் தாளில் ஒரு வருஷச் சம்பளம் என்று போட்டிருந்தது இதற்குத்தான். இங்கே அதை எனக்காக யார் கட்டினார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பட்டியல் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

முடிவுகள் வர இரண்டு வாரத்துக்கு மேலானது. எங்கள் இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் காசநோய்க் கட்டி. நுரையீரலில் வருவதாக நாம் கேள்விப்படும் அதே காசம், மூளையில் போய் உட்கார்ந்திருந்தது. "மாத்திரையால் கரையும். ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் குடிக்க வேண்டும். அரசாங்கம் சும்மா கொடுக்கும்" என்றார் சர்ஜன். ஸ்டெல்லா நின்ற இடத்திலேயே முழங்காலிட்டுவிட்டாள். டொக்டரம்மா அவளைத் தூக்கிவிட்டுத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பியதாசவுக்குப் புற்றுநோய். அவர் மனைவி வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. பியதாச என் முகத்தைப் பார்த்தார். என் முகமும் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். என் தோளைத் தட்டி, "நல்லது மல்லி, நல்லது" என்றார். சந்தோஷமாக இருந்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

மாதங்கள் போயின. மாத்திரையில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்று, வயிறு புரட்டியது, ஆனால் வாசனை குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுவிட்டது. அந்த நாட்களில் காப்புறுதியிலிருந்து ஒரு காசோலை வந்தது. துளைக்கும் அல்ல, ஊசிக்கும் அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தால் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு விதி இருந்ததாம். நாங்கள் அவர்களுக்குச் செலவு வைக்கவில்லை என்பதற்கான நன்றியாம். அந்தத் தொலைபேசிப் பையன்தான் ஞாபகமாக எனக்காக எழுதிப் போட்டிருந்தான். தொகை பெரிதல்ல. அதை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவும் நானும் பியதாசவைப் பார்க்கப் போனோம்.

கினிகத்தேனையில் இறங்கி ஒரு முச்சக்கர வண்டி பிடித்துக் கீழே போனோம். பள்ளத்தில் மின்நிலையம் உறுமுவது வீடுவரை கேட்டது. பியதாச மெலிந்துவிட்டிருந்தார். வலது கை மடியிலேயே கிடந்தது. சொற்கள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். இடது கையால் என் தலைமயிரை விலக்கித் துளை இருந்த இடத்தைத் தேடினார். ஒரு சிறு குழிதான் மிச்சம். அதில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலையில் அதே மாதிரி ஒரு குழியில் வைத்தார்.

அவர் மனைவி பலாக்கொட்டைக் கறியோடு சோறு போட்டார். நாங்கள் கொண்டுபோன தேயிலையில் பால் விடாத சாயத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். புறப்படும்போது பியதாச, பிரதான வீதிவரை எங்களோடு வந்து வழியனுப்புவதாகப் பிடிவாதம் பிடித்தார். வண்டியில் வந்து இறங்கி, என் தோளில் அவர் கையைப் போட்டு, அவர் இடுப்பில் நான் கையைப் போட்டு, பஸ் நிற்கும் இடம்வரை மெதுவாக நடந்தோம்.

ஹட்டன் பஸ் வந்து நின்றது. ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நிற்கும் இரண்டு பேரைப் பார்த்த கொண்டக்டர், முன் இருக்கையில் இருந்தவரை எழுப்பிவிட்டுச் சிங்களத்தில் கேட்டான்: "இதில் யார் நோயாளி?"

பியதாச வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. இடது கையைத் தூக்கி, சுட்டுவிரலால் என்னைக் காட்டிவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நான் ஏறி அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் சிரித்துக்கொண்டேதான் நின்றார்.